ஹெல்டர்பர்க் விமானம்: தீ எப்போது பிடித்தது?

சாட்ஸ்வொர்த்துக்காரன்: "ஹெல்டர்பர்க் விபத்தை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் மார்கோ ஆணையம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எதைத் தீர்த்தது? 1987 நவம்பர் 28 அன்று, தைபேயிலிருந்து மொரீஷியஸ் வழியாக ஜோகன்னஸ்பர்க் வரவேண்டிய ஹெல்டர்பர்க் என்ற போயிங் 747 கடலில் விழுந்து 159 பேர் மாண்டார்கள். விமானி அறைக் குரல்பதிவுக் கருவியில் தங்குவது, அது நிற்பதற்கு முந்தைய அரை மணி நேரப் பேச்சு மட்டுமே. அதில் விமானிகள் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். இரவுச் சாப்பாடு புறப்பட்ட கையோடு தருவது. ஆகவே தீயும் அப்போதே பிடித்து, கருவியும் அப்போதே நின்றிருக்கிறது.

ரோஸ்ஹில்வாசி: எழுதியவன் நான்தான், ஐயா. பெயர் சொன்னால் வாய் வெந்துவிடுமா? மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையக் கோபுரத்திடம் விமானிகள் புகை என்று சொன்னது எங்கள் நேரப்படி விடியற்காலை 3.49க்கு. தீயோடு ஒன்பது மணி நேரம் பறந்து வந்தார்களா?

சாட்ஸ்வொர்த்துக்காரன்: முதல் தீயை அணைத்திருப்பார்கள், பின்னால் வந்தது இரண்டாவது தீ. சாப்பாட்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்வாசி: நீண்ட பயணத்தில் விமானி ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும் என்று சட்டமா?

பழைய தண்டவாளம்: தம்பிகளே, யார் எப்போது சாப்பிட்டால் என்ன? பயணிகள் இருந்த அதே தளத்தில், ஒரு தடுப்புக்குப் பின்னால் சரக்கு. தீப்பிடித்தால் ஊழியர் கையணைப்பானோடு உள்ளே போய் அணைக்க வேண்டுமாம்! அந்த ஏற்பாட்டை அனுமதித்த விதிதான் குற்றவாளி. 1993இல் அமெரிக்கர்கள் விதியை இறுக்கினார்கள். ரயில்வேயில் நாங்கள் முதலில் கேட்பது...

சாட்ஸ்வொர்த்துக்காரன்: ரயில்வே புராணத்துக்கு வேறு விவாதத் திரி இருக்கிறது, பெரியவரே. சரக்கில் இருந்தது என்ன? தீ எதனால் மூண்டது என்று மார்கோவே சொல்லவில்லை. 1998இல், நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் இதை ஏன் மூடிய கதவுக்குள் விசாரித்தது? சாப்பாட்டுப் பேச்சுதான் சாவி.

பழைய தண்டவாளம்: வயதுக்கு மரியாதை தெரியாதவர்களுக்கு விதியைப் பற்றி என்ன சொல்வது?

ரோஸ்ஹில்வாசி: 4 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து 1989இல் அந்தக் கருவியை மேலே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்டு ஆராய்ந்தவர்களைவிட உங்கள் காது கூர்மையோ?

சாட்ஸ்வொர்த்துக்காரன்: 1964இல் ரயிலையே மூடிவிட்ட தீவுக்காரர் எனக்கு விசாரணை கற்றுத்தருகிறார்!

ரோஸ்ஹில்வாசி: இப்போது எங்கள் ஊர் நடுவில் மெட்ரோ ஓடுகிறது, வந்து பாருங்கள். காவடித் திரியில் பட்ட அடி உங்களுக்கு இன்னும் ஆறவில்லை, அதுதான் விஷயம்.

சாட்ஸ்வொர்த்துக்காரன்: அங்கே அடி வாங்கியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பழைய தண்டவாளம்: தடுப்பைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதுவீர்களா?

சாட்ஸ்வொர்த்துக்காரன்: மாட்டேன். அன்றிரவு விமான நிறுவனத்தின் வானொலி நிலையத்தில் பதிவான ஒலிநாடா எங்கே போனது என்பதை நான் இன்னும் தொடங்கவே இல்லை.