'பேராசை நல்லது' என்று சொன்னது யார்? மேற்கோளில் சிக்கல், உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கதைகளில் வரும் பணப்பேய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 'பேராசை நல்லது' என்று அமெரிக்கப் பங்கு வணிகர் ஐவன் போஸ்கி 1986இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னதாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் "அது 'வால் ஸ்ட்ரீட்' பட வசனம்" என்று அடித்துவிட்டார். தேடினால் பாதிப் பேர் போஸ்கி என்கிறார்கள், பாதிப் பேர் அந்தப் படத்தில் வரும் பணமுதலை கார்டன் கெக்கோ என்கிறார்கள். போஸ்கிதான் கெக்கோ என்ற என் அடிப்படையே தவறா? மூன்று நாளாக இந்தப் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

பதில் 1:
உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் நீங்களும் வெகுதூரம் போய்விடவில்லை. போஸ்கி பேசியது 1986 மே மாதம், பெர்க்லி வணிகப் பள்ளியில். பேராசையில் தப்பில்லை, அது ஆரோக்கியமானது என்றே நினைக்கிறேன், பேராசைப்பட்டாலும் உங்களைப் பற்றி நீங்கள் நல்லபடியாகவே நினைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மாணவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல்தான் இன்றும் உறுத்துகிறது. அந்த நவம்பரிலேயே, உள்தகவலை, அதாவது வெளியில் வராத நிறுவன ரகசியத்தை, வைத்துப் பங்கு வாங்கிய வழக்கில் 10 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்.

படம் வந்தது 1987 டிசம்பர் 11. அதற்கு அடுத்த வாரமே போஸ்கிக்குச் சிறைத்தண்டனை. இரண்டும் இப்படி ஒட்டி வந்ததால்தான் ஆளும் பாத்திரமும் ஒன்றாகிப்போனார்கள்.

பதில் 2:
பட வசனத்தையும் முழுசாகப் பாருங்கள். டெல்டார் பேப்பர் என்ற நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தில் கெக்கோ, "பேராசை, வேறு நல்ல சொல் கிடைக்காததால் சொல்கிறேன், நல்லது" என்கிறான். நடுவில் இருப்பதை எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு, 33 துணைத் தலைவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பளமா என்று நிர்வாகத்தை வெளுத்து வாங்குகிறான். அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதால்தான் வசனம் எடுபடுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம். கெக்கோ ப்ளூஸ்டார் விமான நிறுவனத்தைப் பிரித்து விற்கத் திட்டமிடுவதையும் போஸ்கியின் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். அது சரியா?

பதில் 2:
இல்லை, எடுத்துவிடுங்கள். போஸ்கி நிறுவனங்களைப் பிரித்து விற்றவர் அல்ல. எந்த நிறுவனம் கைமாறப்போகிறது என்று பார்த்து அதன் பங்கை முன்கூட்டியே வாங்கிக் குவித்தவர். கெக்கோவின் நிறுவனங்களை வளைக்கும் குணம், அதையே தொழிலாகச் செய்த கார்ல் ஐகான் போன்றவர்களிடமிருந்து வந்தது. திரைக்கதையை இயக்குநர் ஆலிவர் ஸ்டோனுடன் சேர்ந்து எழுதிய ஸ்டான்லி வைசரே கெக்கோ பலரின் கலவை என்று சொல்லியிருக்கிறார். பேச்சில் ஸ்டோனின் சாயலும் உண்டாம்.

பதில் 3:
ஒரே ஆளை வைத்து எழுதிய பாத்திரம்தான் வேண்டுமென்றால் அமெரிக்க நாவலாசிரியர் தியோடர் டிரைசரின் கௌபர்வுட் என்ற பாத்திரத்தை எடுங்கள். 1912இல் வந்த 'தி ஃபைனான்சியர்' நாவல். அசல் ஆள் சார்லஸ் யெர்க்ஸ் என்ற நிதி வணிகர். 1871இல் சிகாகோ எரிந்தது, பங்குச் சந்தை சரிந்தது, பிலடெல்பியா நகராட்சிப் பணத்தை வைத்துச் சூதாடியிருந்த யெர்க்ஸ் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சிறைக்குப் போனார். நாவலிலும் அதே தீ, அதே நகரப் பணம், அதே சிறை.

கேட்டவர்:
பத்தியை மாற்றிவிட்டேன்: "1986இல் போஸ்கி பேராசையை ஆரோக்கியமானது என்றார். மறு ஆண்டு வந்த படத்தில், அவரையும் வேறு சிலரையும் கலந்து உருவான கெக்கோ அதை நல்லது என்றான்." ப்ளூஸ்டார் வரி போய்விட்டது. யெர்க்ஸுக்குத் தனிப் பத்தி ஒதுக்குகிறேன்.

பதில் 1:
இப்போது சரி. அந்தக் கைதட்டலையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.