எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தபோது: உங்கள் அனுபவங்கள்

முகட்டுக்காற்று:
எட்டு ஆண்டுகள் ஆகியும் அந்த இரவு என்னை விடவில்லை. தீ பக்கத்து மாவட்டச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கீழ்த்தடத்தில் நாங்கள் பதினொரு பேர். எதிர்த்தீ வைத்தால் அது மேலேறி, முகட்டில் இரண்டு தீயும் மோதி அடங்கும் என்று கணக்கு. பந்தத்தைச் சருகில் வைக்கக் குனிந்தேன். முகட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் இரண்டு முறை ஆடியது. ஆட்கள்! பக்கத்து மாவட்டக் குழு பின்வாங்கி மேலே ஏறியிருக்கிறது. எங்கள் வயர்லெஸ் அலைவரிசை வேறு, அவர்களுடையது வேறு. பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தேன். அந்த டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தால்?

நீர்த்தொட்டி:
எங்களுக்கு வயர்லெஸ் கிடைத்தது, தண்ணீர்தான் கிடைக்கவில்லை. உதவிக்கு ஓடிவந்த பக்கத்து நகர வண்டியின் குழாய் எங்கள் ஹைட்ரன்ட் (தீயணைக்க நீர் எடுக்கும் குழாய்) வாயில் பொருந்தவில்லை. வந்தவர்களில் ஒருவர் மரையை மூன்று முறை திருகிப் பார்த்தார். பிறகு குழாய் முனையில் இருக்கும் கப்ளிங்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைத் தீயிலும் 1991இல் இதே கதைதான். நகரத்து ஹைட்ரன்ட் வாய் 3 அங்குலம், அக்கம்பக்கத்துப் படைகள் கொண்டுவந்த குழாய் 2.5 அங்குலம். 25 உயிர்கள் போன தீ அது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே மரைச் சிக்கலில் நாங்கள் நின்றோம்.

புல்வெளியான்:
முகட்டுக்காற்றுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலைவரிசை மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. மேலே ஆள் இருக்கிறார்களா என்று உறுதி செய்யாமல் பந்தத்தைக் கையில் எடுத்ததே தவறு.

என் கதை சிறியது. எங்கள் பக்கம் தீத்தடுப்புக் கோடு ஒன்றை மண் தெரியச் செதுக்கினோம். எல்லைக் கல்லோடு அது முடிந்தது. கல்லுக்கு அப்பால் இடுப்பளவு காய்ந்த புல். தீ அந்தப் புல்லில் இறங்கி, சுற்றிக்கொண்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தது.

ஆகவே யாராவது இதைச் செய்யுங்கள். கோடை தொடங்கும் முன் இரு பக்கத்து ஆட்களும் ஒன்றாக அந்தக் கோட்டில் நடந்து பாருங்கள். ஜீப்பில் போனால் புல்லின் உயரம் தெரியாது. வரைபடம் ஒன்றே இருக்கட்டும். எல்லைக்கு அப்பாலுள்ள குட்டையும் தடமும் அதில் இருக்கட்டும். வேறு வேறு அளவுக் குழாய்களை இணைக்கும் அடாப்டரை ஒவ்வொரு வண்டியிலும் போடுங்கள். யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பதைத் தீ வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். 1970இல் கலிஃபோர்னியாவில் தொடர் தீயில் 16 பேர் இறந்தார்கள்; பல துறைகள் ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் பயன்படுத்திக் குழம்பின. இன்று பல நாடுகள் பின்பற்றும் பொதுக் கட்டளை முறை அதன் பிறகுதான் உருவானது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் எல்லையை ஒட்டிய பட்டைக்குள் ஒருவர் மண்ணில் மற்றவர் உடனே இறங்கித் தீயணைக்க உடன்பாடு வைத்திருக்கின்றன. இரண்டு நாடுகளால் முடிகிறது, இரண்டு மாவட்டங்களால் ஏன் முடியாது?

முகட்டுக்காற்று:
புல்வெளியான், ஓர் ஆளை மேலே அனுப்பியிருந்தோம். அவர் திரும்பும்வரை காத்திருக்கவில்லை. அது எங்கள் தவறுதான்.

மறுநாள் டார்ச் ஆட்டியவரைத் தேடிப் போனேன். சின்னப் பையன், புருவம் கருகியிருந்தது. "நீங்கள் குனிந்தது தெரிந்தது, அண்ணா. கத்தினேன், காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது" என்றான்.