அம்மாவின் தள்ளாட்டத்துக்குப் பயிற்சி: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை சுற்றியது, அரை நிமிடத்தில் நின்றுவிடும். உள்காதில் கால்சியம் துகள்கள் இடம் மாறியிருப்பதாகச் சொன்ன காது மூக்கு தொண்டை மருத்துவர், தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்து எப்லி முறை செய்தார். சுற்றல் போய்விட்டது. தள்ளாட்டம் மட்டும் விடவில்லை. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் போகிறார். மாத்திரை போட்டால் தூக்கம்தான் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா சுக்குக் காபி தருகிறார். குமட்டலுக்குச் சரி, நடைக்கு?

மதுரைப் பக்கம் சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது இருக்கிறார்களா? தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி), யோகா செய்து பலன் கண்டவர்கள், கழுத்தைப் பின்னால் சாய்க்கும் ஆசனங்களுக்கு என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானமும் உண்டு.