புதுப்பிப்பு: கராத்தேயின் ஹெய்யான் ஷோடான் கட்டாவில் இடுப்புக்கு இழுக்கும் கையின் பயன்

ஹெய்யான் ஷோடான் என்னும் கட்டாவின் (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) முதல் அசைவான கெடான் பராய் (முன்கையைக் கீழ்நோக்கி வீசும் தடுப்பு) உதையைத் தடுக்க மட்டுமானால், மறுகை ஏன் இடுப்புக்கு இழுக்கப்படுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். விளக்கமளித்த அனைவருக்கும் நன்றி.

முடிவு நிலையை விட்டுவிட்டு, கைகள் குறுக்கிடும் கணத்தைக் கவனிக்கச் சொன்ன யோசனையே பலனளித்தது. மும்பை செம்பூரில் என்னுடன் பயிலும் அண்ணன் ஒருவர் தம் வலக்கையால் என் வல மணிக்கட்டைப் பற்ற, நான் அதே கையைத் திருப்பி அவர் மணிக்கட்டைப் பிடித்து வல இடுப்புக்கு இழுத்தபடியே, வலக்காதருகிலிருந்து இறங்கும் இட முன்கையை அவர் முழங்கைக்குச் சற்று மேலே அழுத்தியபோது, அவர் முன்னோக்கிக் குனிந்தார்; அவருடைய இடக்கை என்னை எட்டவே இல்லை. இதைத் தடுப்பு என்று மட்டும் கற்பிப்பது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். இக்கட்டாவை வடிவமைத்த இத்தோசு அங்கோவே 1908-இல் எழுதிய கடிதத்தில், ஒவ்வோர் அசைவின் நோக்கத்தையும் பயன்பாட்டையும் அறிந்து பயில வேண்டும் என்கிறார்.

எதிர்பாராதது ஒன்று: கையால் மட்டும் இழுத்தால் எடை மிகுந்தவர் அசைவதில்லை. இடப்புறம் திரும்பி ஸென்குட்சு நிலைக்கு (முன்கால் மடங்கிய நீண்ட நிலை) அடிவைக்கும் உடலின் எடையும் சேர்ந்தால்தான் முழங்கைப் பூட்டு விழுகிறது. ஆகவே அந்தத் திருப்பம் புதிய எதிரியை நோக்கியதன்று, பிடித்தவரின் பக்கவாட்டுக்குச் செல்வதற்கானது. முழங்கை மூட்டு எளிதில் காயப்படும் என்பதால், துணைவர் தட்டியவுடன் விடும்படி மெதுவாகப் பழகுங்கள்.