யாக்கோபை மாற்றியது எது? உயிர்த்தெழுதலும் ஐயுறவும்: ஒரு விவாதம்

வைகறை:
இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கை ஐயுறவாளரை மாற்றும் என்பதற்குப் பலரும், முதலில் சபையைத் துன்புறுத்திய பவுலையோ, கண்டால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமாவையோ எடுத்துக்காட்டுகிறார்கள். நான் யாக்கோபை முன்வைக்கிறேன். கத்தோலிக்கர் அவரை இயேசுவின் ஒன்றுவிட்ட சகோதரர் என்பர்; சீர்திருத்த சபையார் உடன்பிறந்த தம்பி என்பர்; பெரியப்பா மகனையும் அண்ணன் என்றே அழைத்துப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு இங்கே பெரிதல்ல. இயேசு மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவருடைய உறவினர் அவரைப் பிடித்துக்கொண்டு போக வந்ததை மாற்கு தம் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. தலைவருடைய குடும்பத்துக்கு இழுக்காகும் இத்தகைய செய்தியை எந்த இயக்கமும் கற்பனையாகச் சேர்க்காது. ஆனால் கி.பி. 55ஐ ஒட்டிக் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்கும் தரிசனமானார் என்கிறார். அந்த யாக்கோபு எருசலேம் சபையின் தூணாக விளங்கி, கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இதைச் சொல்பவர் கிறிஸ்தவர் அல்லர்; யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்த ஆளுநர் அல்பினுஸ் வந்து சேராதிருந்த இடைவெளியில், தலைமை ஆசாரியர் அனனுஸ் இதைச் செய்தார் என்று அவர் குறித்திருக்கிறார்.

கரிசல்மண்:
தோழர் வைகறை, யாக்கோபு வாழ்ந்ததையும் கொல்லப்பட்டதையும் நானும் ஏற்கிறேன். ஒருவர் ஒன்றுக்காக உயிர் கொடுத்தார் என்றால், அதை அவர் உளமார நம்பினார் என்பதே தெரிகிறது. அது நடந்தது என்று ஆகிவிடாது. மேலும், யாக்கோபுக்குக் கிடைத்த தரிசனம் எந்த நற்செய்தியிலும் விவரிக்கப்படவில்லை. நமக்குக் கிடைப்பது பவுலின் பட்டியலில் ஒரு வரி மட்டுமே. ‘தரிசனமானார்’ என்ற அதே சொல்லைத்தான் பவுல் தமக்கு நேர்ந்ததற்கும் பயன்படுத்துகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புதிய ஏற்பாட்டு நூலின்படி அவருக்கு நேர்ந்தது ஒளியும் குரலும்தான். தலைவர் இறந்தபின் அவருடைய குடும்பத்தில் ஒருவர் இயக்கத்தின் பொறுப்பை ஏற்பதும் உலகில் அரிதல்ல. 1666இல் சப்பத்தாய் செவி என்ற யூதர், மெசியா, அதாவது யூதர் எதிர்பார்த்த மீட்பர், என்று கொண்டாடப்பட்ட நிலையிலேயே, இசுலாத்துக்கு மாறினார். அப்போதும் அவரைப் பின்பற்றியோரில் ஒரு பகுதியினர் நம்பிக்கையை விடாமல் அதற்குப் புது விளக்கம் கண்டார்கள். ஏமாற்றம் சில வேளைகளில் நம்பிக்கையை முன்னிலும் இறுக்கிவிடுகிறது.

வைகறை:
குடும்ப வாரிசு என்ற விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். கலிலேயனாகிய யூதாஸ் (இயேசுவைக் காட்டிக்கொடுத்தவர் அல்லர்) ரோமருக்கு எதிராகக் கிளர்ந்து அழிந்தபின், அவருடைய புதல்வர்கள் இருவர் அதே பாதையில் சென்று சிலுவையில் அறையப்பட்டார்கள். தந்தையின் இடத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். யாக்கோபு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எருசலேமில் மதிக்கப்பட்டவராக வாழ்ந்தும் அவரை மெசியா என்று ஒருவரும் அழைத்ததாகத் தெரியவில்லை. இயேசுவின் சாவோடு அந்த இடம் காலியாகியிருந்தால், அதை நிரப்ப அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அந்த இடம் காலியாகவில்லை என்று அவரே நம்பியதால்தான் அவர் கடைசிவரை ஊழியராகவே நின்றார்.

பனைநிழல்:
கரிசல்மண் ஐயா, நான் கல்விமான் அல்லன். ஆனால் யாக்கோபு நின்ற இடத்தில் நின்றவன். என் தம்பி கல்லூரி முடித்த ஆண்டில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தான். அப்போது எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை; அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒரு மாலை கூட்டத்தின் நடுவே புகுந்து அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தான். அப்பா இறந்தபின் பாகப்பிரிவினையில், அவனிடம் இருந்தால் விற்று யாருக்காவது கொடுத்துவிடுவான் என்று காரணம் சொல்லி, கிணற்றோடு சேர்ந்த நிலத்தை நானே எடுத்துக்கொண்டேன். பதினோரு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை.

அவனோடு வாதாடி வெல்ல வேண்டும் என்பதற்காகத்தான் புதிய ஏற்பாட்டைத் திறந்தேன். மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் அந்த உறவினர்கள் வந்து நிற்கிறார்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்த வாசலும் செருப்புகளும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு யோவான் 19ஆம் அதிகாரத்தில், சிலுவையிலிருந்து இயேசு தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைப்பதைப் படித்தேன். தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சகோதரர்கள் அந்தக் காட்சியில் இல்லை. யாக்கோபின் நிலையை நினைத்துப் பாருங்கள்: அவர் பைத்தியம் என்று ஒதுக்கியவரை அரசு கொன்றுவிட்டது, மன்னிப்புக் கேட்க இனி ஆள் இல்லை, அவர் கொடுத்த தீர்ப்பும் கல்லறையோடு முடிந்துபோயிற்று. அந்த நிலையில் இறந்தவரே முதலில் தம்மைத் தேடி வந்தார் என்பதுதான் யாக்கோபு பெற்ற செய்தி. நான் முடித்து வைத்த வழக்கைக் கடவுள் மறுபடி திறக்கிறார் என்று எனக்குப் பட்டது. என் மாற்றத்துக்குச் சான்றுகளின் எண்ணிக்கை காரணமல்ல, இதுதான் காரணம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கிணற்றுப் பங்கையும் சேர்த்து அவன் பெயருக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். கைவிரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “சாப்பிட்டியா அண்ணா?”

கரிசல்மண்:
ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் தம்பிக்கு நிலம் திரும்பக் கிடைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆயினும் உங்கள் சொற்களே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. குற்றவுணர்வும் துக்கமும் சேர்ந்தால் இறந்தவரைக் கண்டதாக மனம் உணரக்கூடும். ஜெர்மானிய இறையியலாளர் கெர்ட் லூடமான், இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுருவின் தரிசனத்தை இவ்வாறே விளக்கினார். யாக்கோபுக்கும் அது பொருந்தாதா? இன்னொன்றையும் கவனியுங்கள். பிங்கஸ் லாப்பிடே என்ற யூத அறிஞர், இயேசு உயிர்த்தெழுந்தது வரலாற்று நிகழ்வே என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அவர் கிறிஸ்தவராகவில்லை. உயிர்த்தெழுதலை ஏற்றவரே அவ்வாறு நின்றார் என்றால், உங்களை மாற்றியது அந்த நிகழ்வா, உங்களுக்குள் முன்பே புண்ணாகிக் கிடந்த தம்பிப் பாசமா?

வைகறை:
லாப்பிடேயை நீங்கள் குறிப்பிட்டது நியாயமானது. அதனால்தான் உயிர்த்தெழுதலை ஒரு தகவலாக ஏற்பதும் அந்த உயிர்த்தவரிடம் தன்னை ஒப்படைப்பதும் வேறுவேறு என்று நான் கருதுகிறேன். பனைநிழல் ஐயா எழுதியது இரண்டாவதைப் பற்றியது. ஆனால் குற்றவுணர்வு விளக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. இறந்தவர் கனவிலோ காட்சியிலோ வருவார் என்பது அக்கால யூதருக்குப் புதிதல்ல. சிறையிலிருந்து தப்பிய பேதுரு கதவைத் தட்டியபோது, அவர் இறந்துவிட்டார் என்று எண்ணியவர்கள் போல, ‘அது அவருடைய தூதன்’ என்றுதான் உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். துக்கத்தில் கண்ட காட்சி என்றால், யாக்கோபும் தம் சகோதரரின் ஆவி தேவனிடத்தில் இளைப்பாறுகிறது என்று சொல்லி ஆறுதல் அடைந்திருக்கலாம். அதற்கு ஏற்ற சொற்கள் அவரிடம் ஆயத்தமாகவே இருந்தன. அவரும் மற்றவர்களும் சொன்னதோ, எல்லாருக்கும் கடைசி நாளில் நடக்க வேண்டிய உயிர்த்தெழுதல் ஒருவருக்கு இப்போதே நடந்துவிட்டது என்பது. யாக்கோபைக் குறிப்பிடும் அதே கொரிந்தியர் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் பவுல் விதைக்கப்படும் உடலையும் எழுப்பப்படும் உடலையும் பற்றித்தான் நீண்ட நேரம் வாதிடுகிறார்.

சான்றாக அல்ல, ஐயாவின் கடைசி வரியைப் படித்ததால் இதைச் சொல்கிறேன். எபிரேயர் நற்செய்தி என்ற பழைய நூலிலிருந்து, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பகுதியை எடுத்தெழுதியிருக்கிறார். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் காணும்வரை அப்பம் உண்பதில்லை என்று யாக்கோபு ஆணையிட்டிருந்தாராம். உயிர்த்தவர் வந்து, அப்பத்தைப் பிட்டு அவர் கையில் கொடுத்து, என் சகோதரனே, சாப்பிடு என்றாராம்.

கரிசல்மண்:
அந்தப் பகுதி பிற்காலத்தது. அதை நான் வரலாறாக ஏற்க இயலாது, நீங்களும் அவ்வாறு கேட்கவில்லை. ‘தூதன்’ பற்றிய வாதத்துக்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை. நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தை மறுபடி படித்துவிட்டு வருகிறேன். பனைநிழல் ஐயா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் நம்பிக்கை இல்லாதவராக இருந்த அந்தப் பதினோரு ஆண்டுகளில், உங்கள் தம்பி உங்களைத் தேடி வந்தது உண்டா?

பனைநிழல்:
ஒவ்வோர் ஈஸ்டர் அன்றும் வந்தான், ஐயா. திண்ணையில் ஒரு தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போவான். நான் ஒரு முறையும் கதவைத் திறக்கவில்லை.