புதுப்பிப்பு: அப்பாவின் நோய்க்குப் பிறகு பாட முடியவில்லை என்று எழுதியிருந்தேன்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு போன பிறகு, குருநகர்க் கோவில் பாடகர் குழுவில் வாயைத் திறந்தாலே அழுகைதான் வருகிறது, மகிழ்ச்சி இல்லாமல் பாடுவது பொய்யா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

விவிலியத்தில் உள்ள திருப்பாடல் 88-ஐ வாசிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. அப்படியும் அதைச் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்களே! எனக்கு அது போதுமாக இருந்தது. "சிரித்த முகத்தோடு இரு" என்றவர்களுக்கு, மன்னிக்கவும், என்னால் முடியவில்லை.

பெரியம்மாவிடமும் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெரிபட்டபோது செபமாலை சொன்னார்களாம். செபமாலை மாதம் அல்லவா. "சந்தோசமா சொன்னீங்களா?" என்றேன். "விசரி, பயத்திலடி. ஆனா நிப்பாட்டேல்லை" என்றா.

சரி, நானும் திரும்பப் போகிறேன். சில ஞாயிறுகளில் வாய் மட்டும் அசைகிறது.

அப்புறம் ஒன்று. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் வருமாம். நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அப்பா ஒரு வரியைச் சொற்களோடு பாடினார். அம்மா அகப்பையோடு ஓடி வந்தா. அடுத்த நிமிடம் தேத்தண்ணி கேட்கச் சொல் வராமல் கோபத்தில் கட்டிலைத் தட்டினார்.