அசெட் என்பதற்கு 'ஆட்டக்கூறு': ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

கட்டற்ற விளையாட்டுகளுக்கென வரையப்படும் ஓவியம், பதியப்படும் ஒலி, வடிக்கப்படும் முப்பரிமாண உரு ஆகிய அனைத்தையும் சுட்டும் 'அசெட்' என்னும் சொல்லுக்கு, இக்கலைச்சொல் விவாத இழையில் 'சொத்து', 'கலைவளம்' என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. 'சொத்து' கணக்கியலிலேயே இருக்கட்டும். பதிப்புரிமை பெரும்பாலும் படைத்தவரிடமே இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும், எவரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று திறந்துவிட்ட ஒன்றை உடைமையின் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

'கலைவளம்' நல்ல சொல். விளையாட்டுகளுக்கான கட்டற்ற படைப்புகளைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் 2009 முதல் சேர்ந்துவரும் தொகுப்பு முழுவதையும் அப்படியே அழைக்கலாம். ஆனால் அங்கே உரிமம் தொகுப்புக்கு அன்று, ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் தனித்தனியாக அளிக்கப்படுகிறது. ஒன்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு வகுத்த பொது உரிமங்களுள் ஒன்றான சிசி0 உரிமத்தில், பெயரைக் குறிப்பிடும் கடமைகூட இல்லாமல் கிடைக்கும். அதன் பக்கத்திலேயே இருப்பது அதே அமைப்பின் சிசி பிஒய்-எஸ்ஏ உரிமத்தில், படைத்தவர் பெயரைச் சொல்லி, மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் கிடைக்கும். ஆகவே எண்ணத்தக்க பெயர்ச்சொல் வேண்டும். 'மூன்று கலைவளங்கள்' என்பது நாவில் ஒட்டவில்லை.

நான் முன்வைப்பது 'ஆட்டக்கூறு'. கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஓப்பன்கேம்ஆர்ட் ஆகியவை 2012-இல் இணைந்து நடத்திய லிபரேட்டட் பிக்சல் கப் என்னும் கட்டற்ற விளையாட்டுப் படைப்புப் போட்டியே இதற்குத் தக்க சான்று. 32×32 படப்புள்ளிக் கட்டம், ஒரே பார்வைக் கோணம், ஒரே ஒளித்திசை என்று நடைவழிகாட்டி முதலிலேயே வகுக்கப்பட்டதால், முன்பின் அறியாதவர்கள் வரைந்தவையும் ஒன்றோடொன்று பொருந்தின. இன்று அந்நடையில் அமையும் ஒரு வீரனின் உடல் ஒருவருடையது, தலைமுடி மற்றொருவருடையது, கவசம் வேறொருவருடையது என்றிருப்பது இயல்பு. திரையில் நிற்பது ஓர் உருவம்; நன்றிப்பட்டியலில் வர வேண்டியவை பல பெயர்கள். 'கூறு' என்னும் சொல் இந்நிலையை விளக்கமின்றியே உணர்த்துகிறது. உருவக்கூறு, ஒலிக்கூறு எனக் கிளைக்கவும் இடம் தருகிறது. ஆட்டம் என்றால் நடனமும் ஆகுமே எனலாம். சீட்டாட்டமும் சதுரங்க ஆட்டமும் வழங்கும் மொழியில் அது பெரிய தடை அன்று.

இதனோடு ஒட்டிய இன்னொரு தேவையும் உண்டு. திருத்துவதற்கு ஏற்ற வடிவத்தையே ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமம் 'மூலம்' (சோர்ஸ்) என்கிறது. ஓவியத்துக்கு அது கிம்ப் என்னும் பட மென்பொருளில் அடுக்குகள் பிரிந்த நிலையில் உள்ள கோப்பு. முப்பரிமாண உருவுக்குப் பிளெண்டர் என்னும் உருவாக்க மென்பொருளின் கோப்பு. பலர் அடுக்குகளை ஒன்றாக்கிய பிஎன்ஜி படத்தை மட்டும் பதிவேற்றிவிடுவதால், உரிமம் திருத்த அனுமதித்தும் சட்டையின் நிறத்தை மாற்றுவதற்கே புள்ளி புள்ளியாக உழைக்க நேர்கிறது. படத்தில் நிரல் இல்லாததால் 'மூலநிரல்' இங்கே பொருந்தாது. 'மூலக்கோப்பு' போதும் என்று கருதுகிறேன்.

'ஆட்டக்கூறு', 'மூலக்கோப்பு' ஆகிய இரண்டுக்கும் மறுப்பிருந்தால், இணைய அகராதியான விக்சனரியில் சேர்ப்பதற்கு முன் மாற்றுச்சொல்லோடு எழுத வேண்டுகிறேன்.